ஈரலுக்குள் ஊசி ஏன் வளைகிறது?

வெள்ளவத்தையிலிருந்து நீங்கள் எழுதியதன் சாரம் இது: உங்கள் தந்தையாரின் ஈரலில் ஸ்கானில் தெரிந்த ஒரு சிறு கட்டியிலிருந்து, கொழும்பு வைத்தியசாலை ஒன்றில், 18 கேஜ் ஊசியால் பயொப்சி, அதாவது பரிசோதனைக்கான ஒரு சிறு இழையத் துண்டு, எடுத்திருக்கிறார்கள். முதல் தடவை ஊசி வளைந்து கட்டியின் ஓரத்தால் போய்விட்டது என்று சொல்லி டொக்டர் இன்னொரு தடவை குத்தியிருக்கிறார். பிறகு நீங்கள் கேட்டதற்கு அந்த ஊசியைக் காட்டியும் இருக்கிறார். ஆனால் அது நேராகவே இருந்திருக்கிறது. உருக்கு ஊசி மெத்தென்ற ஈரலுக்குள் வளையுமா, வளைந்திருந்தால் வெளியே வந்தபோது நேராக இருந்தது எப்படி, ஊசி தரம் குறைந்ததா அல்லது டொக்டரின் கை தவறியதா, கணினி கொண்டு இதை முன்கூட்டியே கணிக்க முடியாதா என்பவை உங்கள் கேள்விகள். நான் மருத்துவன் அல்லன், மருத்துவ உபகரணப் பொறியியல் கற்பிப்பவன். ஆகவே தந்தையாரின் நோய் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். ஊசிக்கும் இழையத்துக்கும் இடையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

டொக்டர் சொன்னதும் உண்மை, நீங்கள் கண்டதும் உண்மை. உயர்தரப் பௌதிகவியலில் யங்கின் மட்டை, அதாவது ஒரு பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதைக் காட்டும் எண்ணை, படித்தவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவது வழக்கம். உருக்கின் யங்கின் மட்டு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால். ஆரோக்கியமான ஈரலினது 5 கிலோபஸ்கால் அளவில்தான் இருக்கும். ஒன்று மற்றதைவிட நான்கு கோடி மடங்கு விறைப்பானது என்றால், வளைய வேண்டியது ஈரல்தானே என்று தோன்றும். ஆனால் மட்டு என்பது பொருளின் குணம். வளைவதோ வளையாததோ அந்தப் பொருள் எடுத்திருக்கும் வடிவத்தையும் பொறுத்தது. ஊசியின் வளைவு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது. முனையின் விலகல் நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பின்பற்றுகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும், நீளத்தை இரட்டித்தால் விலகல் எட்டு மடங்காகிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேஜ் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும்; 18 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 1.27 மில்லிமீற்றர். உள்விட்டம் 0.84 மில்லிமீற்றர் என்று கொள்வோம். ஒரு முனையை இறுகப் பிடித்துக்கொண்டு, 100 மில்லிமீற்றர் தள்ளியிருக்கும் மறுமுனையை 0.2 நியூற்றன் விசையால், அதாவது 20 கிராம் எடைக்குச் சமமான விசையால், பக்கவாட்டில் தள்ளினால் அந்த முனை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் விலகும். அதே நீளத்தில் 2.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள 14 கேஜ் ஊசி அரை மில்லிமீற்றர் மட்டுமே விலகும். 0.72 மில்லிமீற்றர் விட்டமுள்ள 22 கேஜ் ஊசிக்குச் சூத்திரம் 29 மில்லிமீற்றர் என்கிறது. அவ்வளவு பெரிய வளைவுக்கு இந்தச் சூத்திரத்தை அப்படியே நம்பக் கூடாது. உடலுக்குள் சுற்றியுள்ள இழையம் ஊசியை அவ்வளவு விலக விடவும் மாட்டாது. இருந்தாலும், ஊசி சற்று மெலிந்தாலே நிலைமை எவ்வளவு மாறுகிறது என்பதை இந்த மூன்று எண்களும் காட்டிவிடுகின்றன.

ஊசி நேராகத் திரும்பியதன் விளக்கமும் இதே கணக்கில் இருக்கிறது. 18 கேஜ் ஊசி 3 மில்லிமீற்றர் விலகும்போது அதன் உலோகத்தில் எழும் மிகக் கூடிய தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பில் எழும் விசை, ஏறத்தாழ 120 மெகாபஸ்கால். இத்தகைய ஊசிகளுக்குப் பயன்படும், குளிர்நிலையில் இழுத்து உருவாக்கிய கறையில் உருக்குக் குழாய் நிரந்தரமாக வளைந்துபோவதற்கு இதைப் போலப் பல மடங்கு தகைப்பு வேண்டும். ஆகவே உள்ளே வளைந்த ஊசி, வெளியே இழுத்ததும் பழைய நேர்கோட்டுக்கே திரும்பும். சொல்லப்போனால், வளைந்தபடியே வெளியே வந்திருந்தால்தான் அதன் தரத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கவாட்டு விசை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் முனையிலிருந்துதான். பயொப்சி ஊசியின் முனை பொதுவாக ஒரு பக்கமாகச் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். வெட்டுவதற்கு அது வேண்டும். ஊசி முன்னேறும்போது எதிரே உள்ள இழையம் அந்தச் சாய்ந்த முகத்தில் செங்குத்தாக அழுத்துகிறது. அந்த அழுத்தத்தின் ஒரு கூறு ஊசியைப் பின்னுக்குத் தள்ளுகிறது, மற்றக் கூறு அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சீவிய முகம் மேலே பார்த்தால் ஊசி கீழ்நோக்கி விலகும், கீழே பார்த்தால் மேல்நோக்கி விலகும். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் இது நடக்கும், ஏனெனில் விலகல் ஊசியின் வடிவத்திலேயே இருக்கிறது. முள்ளந்தண்டில் மயக்கமருந்து ஏற்றும் ஊசிகள் இதற்கு நல்ல சான்று. ஒரு பக்கம் சீவிய குயின்கே முனையைவிட, எல்லாப் பக்கமும் சமச்சீராகக் கூம்பும் விற்றேக்கர் முனை தன் பாதையிலிருந்து குறைவாகவே விலகுகிறது.

இனி இழையத்தின் பக்கம். ஊசியைத் தள்ளும் விசையை ஓர் உணரியால் அளந்து வரைபாக்கினால், முதலில் வரைபு மேல்நோக்கி வளைந்து ஏறும். இந்தக் கட்டத்தில் ஊசி எதையும் வெட்டியிருக்காது. இழையத்தைக் குழிய அழுத்திக்கொண்டு மட்டும் இருக்கும். இழையம் உலோகத்தைப் போல நேர்கோட்டு விதிக்குக் கட்டுப்படுவதில்லை. இழுபட இழுபட அதன் விறைப்பு கூடிக்கொண்டே போகும். ஓர் எல்லையில் மேற்பரப்பு கிழிய, விசை சடுதியாக விழும். கையில் ஒரு சிறு துள்ளல் போல உணரப்படுவது அதுதான். அதன் பிறகு முனையில் வெட்டும் விசையும், இழையத்துக்குள் இறங்கிய தண்டு முழுவதிலும் உராய்வும் வேலை செய்கின்றன. உள்ளே போன நீளத்தோடு உராய்வு கூடுவதால், ஆழம் கூடக் கூட மொத்த விசை மீண்டும் ஏறும். தள்ளும் கையின் வேலையில் ஒரு பங்கு இழையத்தைப் பிளக்கவும், ஒரு பங்கு உராய்வுக்கும், மிகுதி இழையத்தை உருமாற்றவும் ஊசியை வளைக்கவும் செலவாகிறது.

2004இல் அலிசன் ஒகமுராவும் அவரது சகாக்களும் மாட்டீரலில் செய்த அளவீடுகளில் இந்த மொத்த விசையை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: கிழியும் முன்னர் எழும் விறைப்பு விசை, தண்டின் உராய்வு, முனையின் வெட்டு விசை. இந்தத் துறையில் பின்னர் வந்த கணிப்புகள் பலவற்றுக்கு இந்தப் பிரிப்பே அடித்தளம்.

உராய்வைப் பற்றி இன்னும் ஒரு சங்கதி. இழையம் தண்டில் ஒட்டிக்கொண்டு கொஞ்சத் தூரம் கூடவே வரும், பிறகு வழுக்கும், மீண்டும் ஒட்டும். ஆகவே டொக்டர் ஊசியை நிறுத்தியவுடன் எல்லாம் நின்றுவிடுவதில்லை. அமுக்கப்பட்டிருந்த இழையம் மெல்லத் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். கை அசையாமலே ஊசி முனைக்கும் கட்டிக்கும் இடைப்பட்ட தூரம் மாறும். முன்னே தள்ளப்பட்ட கட்டி பின்னே திரும்பி முனையை நோக்கி வருவதும் உண்டு. பாகுத்தன்மையும் மீள்தன்மையும் கலந்த பொருளில் நேரமும் ஒரு கணியம் என்பதைப் பொறியியல் மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஸ்கான் அறையில் வேலை செய்பவர்கள் மறப்பதில்லை.

உங்கள் தந்தையாரின் விடயத்தில் ஊசி தோல், கொழுப்பு, விலா எலும்புகளுக்கு இடையிலான தசை, வயிற்றறையின் உட்சவ்வு, ஈரலைப் போர்த்தியிருக்கும் கிளிசன் உறை ஆகியவற்றைத் தாண்டியே ஈரலின் சதைக்குள் போயிருக்கும். ஒவ்வொரு எல்லையும் ஒரு புதிய குழிவு, ஒரு புதிய கிழிவு. எல்லையை ஊசி செங்குத்தாகச் சந்தித்தால் பெரிய தொல்லை இல்லை. சரிந்து சந்தித்தால், கொழுப்பிலிருந்து இறுகிய சவ்வுக்குள் நுழையும்போது முனையின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்துக்கு முன்னதாகவே தடையைச் சந்திக்கும், அங்கே திசை மாறும். விலாவின் கீழ்விளிம்பை ஒட்டி இரத்தக் குழாய்களும் நரம்பும் ஓடுவதால் ஊசியை அடுத்த விலாவின் மேல்விளிம்பை ஒட்டியே செலுத்துவார்கள்; எனவே நுழையும் கோணத்தை விரும்பியபடி தேர்ந்தெடுக்கும் சுதந்திரமும் குறைவு. ஈரல் இறுகியிருந்தால் வேறு சிக்கல். ஈரலின் விறைப்பை உடலுக்கு வெளியிலிருந்தே அளக்கும் பைப்ரோஸ்கான் சோதனையில் 5 கிலோபஸ்காலுக்குப் பதிலாக 12ஐத் தாண்டும் ஈரல்கள் உண்டு, கருவியின் உச்சமான 75 வரை போவதும் உண்டு. முனையில் அழுத்தும் விசையும் அதற்கேற்பக் கூடும்.

இத்தனைக்கும் மேலாக ஈரல் ஓர் இடத்தில் நிற்பதும் இல்லை. சாதாரணமாக மூச்சு விடும்போதே அது ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கும். மூச்சைப் பிடித்துக்கொள்ளும்படி தந்தையாரைக் கேட்டது இதற்காகத்தான். ஊசியின் வெளிப்பகுதியைத் தோல் பிடித்திருக்க உள்முனையை ஈரல் இழுத்துக்கொண்டு போனால், அந்த அசைவே ஊசியை வளைக்கும், உறையையும் கிழிக்கும். இத்தாலியரான மெங்கினி 1958இல் அறிமுகப்படுத்திய ஈரல் ஊசி முறை ஒரு விநாடிப் பயொப்சி என்று புகழ்பெற்றது, ஊசி ஈரலுக்குள் இருக்கும் நேரத்தை அது அவ்வளவு குறைத்ததனால்தான்.

வேகத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. மெல்லத் தள்ளினால் இழையம் தளர்ந்து கொடுத்து விலகிப் போகும். வேகமாகத் தள்ளினால் அது விலக நேரமின்றி விறைத்து நிற்கும், குறைந்த உருமாற்றத்திலேயே வெட்டுப்படும். 1980களின் தொடக்கத்தில் சுவீடனைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் லிண்ட்கிரென் வில்லால் இயங்கும் பயொப்சி ஊசியை உருவாக்கியதன் பயன் இதுதான். நீங்கள் அறைக்கு வெளியே இருந்து கேட்ட அந்த 'டிக்' என்ற சத்தம் அவ்வகைக் கருவியினுடையது. பொத்தானை அழுத்தியதும் உள்கம்பி இரண்டு சென்ரிமீற்றர் அளவு முன்னே பாயும். அதன் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளத்துக்குள் இழையம் வந்து விழும். அடுத்த கணமே வெளிக்குழாய் அதன்மேல் பாய்ந்து அந்தத் துண்டை அறுத்து மூடிக்கொள்ளும்.

கூர்ந்து பார்த்தால் இந்த வடிவமைப்பின் பலவீனமும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. வட்டக் கம்பியைப் பாதி ஆழத்துக்கு வெட்டிவிட்டால், மிஞ்சும் அரைவட்டத்தின் விறைப்பு அந்தத் தளத்தில் முழுக் கம்பியினதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். வெளிக்குழாயின் ஆதரவில்லாமல், சீவிய முனையோடு, ஊசியின் மிக மெலிந்த பகுதி தனியாகப் பாயும் கணம் அது. டொக்டர் கட்டியின் ஓரத்தில் முனையைச் சரியாக நிறுத்திப் பொத்தானை அழுத்திய பிறகும், பாய்ந்த அந்த இரண்டு சென்ரிமீற்றரில் கம்பி விலகிப் போயிருக்கலாம். கட்டி சிறியதாகவும் சுற்றியுள்ள ஈரலைவிட இறுக்கமானதாகவும் இருந்தால், அதன் வளைந்த ஓரத்தில் முனை சறுக்கி விலகுவதற்கு அதுவே போதும். மார்பகத்தில் வரும், புற்றுநோயல்லாத, நழுவும் இயல்புள்ள பைப்ரோஅடினோமாக் கட்டிகளில் நேர்மாறாகவும் நடக்கும்: 14 கேஜ் ஊசி வளையாமல் நேரே போகும், கட்டிதான் ஒதுங்கிக்கொள்ளும். விளைவு என்னவோ ஒன்றுதான்.

ஊசி வளைந்ததை டொக்டர் எப்படிக் கண்டார் என்பதும் கவனிக்கத்தக்கது. அல்ட்ராசவுண்ட் காட்டுவது உடலின் ஒரு மெல்லிய தளத்தை மட்டுமே. ஊசி அந்தத் தளத்துக்குள்ளேயே வளைந்தால் வளைவு படத்தில் தெரியும். தளத்தை விட்டுப் பக்கவாட்டில் வளைந்தால், தண்டு தளத்தை விட்டு வெளியேறும் புள்ளியே முனை போலத் தோன்றும். உண்மையான முனை வேறெங்கோ இருக்கும். இதனால்தான் கவனமான நிபுணர், ஊசி பாய்ந்த பிறகு ஸ்கான் தலையைத் தொண்ணூறு பாகை திருப்பி, ஊசியின் குறுக்குவெட்டு ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கட்டிக்குள் விழுகிறதா என்று பார்ப்பார். விழவில்லை என்று கண்டு அதை உங்களிடம் மறைக்காமல் சொல்லி இரண்டாம் தடவை எடுத்தவரை, கை தவறியவர் என்று சொல்ல நான் ஒருப்படமாட்டேன். பார்க்காமலே ஒரு துண்டை அனுப்பிவிடுபவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். கட்டிக்குப் பக்கத்து ஈரலைப் பரிசோதித்துப் புற்றுநோய் இல்லை என்று வரும் அறிக்கையால் யாருக்கு என்ன பயன்?

விலகலைக் குறைக்கக் கையாளும் வழிகள் பெரும்பாலும் எளியவை. தோலில் கத்தி முனையால் ஒரு சிறு கீறல் போட்டால் முதல் தடை நீங்கும். ஊசியைக் கைப்பிடியில் மட்டும் பிடித்துத் தள்ளாமல் தோலுக்கு அருகிலும் பிடித்துச் செலுத்துவார்கள். ஈர்க்கின் மேல்நுனியைப் பிடித்து மண்ணில் குத்தினால் நடுவில் வளைவதும், அடியில் பிடித்துக் குத்தினால் இறங்குவதும் போன்றதே இது. தடித்த வெளிக்குழாயொன்றை முதலில் கட்டியின் வாயில் வரை கொண்டுபோய், அதற்குள்ளால் பயொப்சி ஊசியைச் செலுத்துவது இன்னொரு முறை. 18 கேஜ் ஊசிக்கு 17 கேஜ் குழாய் என்பது வழக்கமான சோடி. ஆதரவில்லாமல் போகும் நீளம் அப்போது சில சென்ரிமீற்றர்களாகச் சுருங்கிவிடும். இரண்டு மூன்று துண்டுகள் எடுக்க வேண்டியிருந்தாலும் ஈரலின் உறையில் துளை ஒன்றுதான். ஊசி எப்பக்கம் விலகும் என்று தெரிந்தவர்கள் சீவிய முகத்தை வேண்டிய திசைக்குத் திருப்பி வைத்தும், பாதி வழியில் நூற்றெண்பது பாகை திருப்பியும் விலகலைச் சமன் செய்வார்கள். இதைப் புத்தகத்தில் படித்தவர்களைவிடக் கையால் பழகியவர்களே நன்றாகச் செய்கிறார்கள் என்பது நான் கண்டது.

கணினிக் கணிப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் நீங்கள் மொரட்டுவையில் பொறியியல் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முயற்சிகள் நிறைய நடந்திருக்கின்றன. கனடாவில் டிமாயோவும் சல்குடீனும் 2003இல், ஊசி நுழையும்போது இழையம் எப்படி உருமாறுகிறது என்பதை, பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுறு மூலக முறையால் கணித்துக் காட்டினார்கள். 2006இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொபேர்ட் வெப்ஸ்ரரும் ஒகமுராவும் மற்றோரும், சீவிய முனையுள்ள நெகிழும் ஊசியின் பாதையை, கைப்பிடி ஒரு கோணத்தில் பூட்டப்பட்ட சைக்கிளின் பாதையாக எழுதினார்கள். இந்த மாதிரியுருவின்படி, தள்ளினால் ஊசி ஒரு வட்டவில்லில் செல்லும், அச்சைச் சுற்றித் திருப்பினால் அந்த வில்லின் தளம் மாறும். விலகலை ஒரு குறையாக எண்ணாமல், எலும்பையும் இரத்தக் குழாயையும் சுற்றிக்கொண்டு போவதற்கான வசதியாக எண்ணியதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்தது. ஊசியை இடைவிடாமல் சுழற்றிக்கொண்டே தள்ளினால் எல்லாத் திசை விலகல்களும் ஒன்றையொன்று அழித்துப் பாதை நேராகும். தண்டின் உராய்வும் பெரும்பாலும் சுழலும் திசைக்கு மாறிவிடுவதால் தள்ளும் விசையும் குறையும். சுழற்றும் நேரத்தையும் சுழற்றாத நேரத்தையும் விகிதப்படுத்தி வில்லின் வளைவைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதை 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள்.

ஆனாலும் இவற்றில் பெரும்பாலானவை உருக்கை விட நெகிழும் நிற்றினோல் என்ற கலப்புலோகக் கம்பியையும், ஆய்வுகூடத்தில் வார்த்த சீரான ஜெலியையும் கொண்டு செய்யப்பட்டவை. ஜெலற்றின் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதால் படம் பிடிக்க வசதி, விலையும் மலிவு. நமது மாணவர்களும் செயற்றிட்டத்துக்கு அதையே நாடுகிறார்கள். அதில் சவ்வு இல்லை, குழாய் இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, மூச்சு இல்லை. இறைச்சிக் கடையில் வாங்கிய ஈரல் ஒரு படி மேல், என்றாலும் அதுவும் அசையாத ஈரல். உங்கள் தந்தையாரின் ஈரலுக்கான விறைப்பு, வெட்டு விசை, உராய்வு ஆகிய எண்களைக் குத்துவதற்கு முன் அளந்து தருவதற்கு வழியில்லை. பைப்ரோஸ்கான் தருவது ஒரு சராசரி விறைப்பு மட்டுமே. அந்த எண்கள் இல்லாமல் எந்த மாதிரியுருவும் சில மில்லிமீற்றர் துல்லியத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. செயற்றிட்டம் செய்ய நினைத்தால், பாதையை முன்கூட்டிக் கணிப்பதைவிட, ஸ்கான் படத்தில் உண்மையான முனையை உடனுக்குடன் கண்டுபிடித்துக் காட்டும் மென்பொருளில் உழைப்பைப் போடுமாறு சொல்வேன். ஊசி எங்கே போகும் என்ற ஊகத்தைவிட, இப்போது எங்கே நிற்கிறது என்ற தகவல்தான் குத்துபவரின் கைக்கு உதவும்.

தரம் குறைந்த மருந்துகள் பற்றிய செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு ஊசியின் தரத்தில் சந்தேகம் வருவது இயல்பே. ஆனால் நீங்கள் சொல்வதில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. மழுங்கிய முனையால் விலகல் கூடும் என்பது உண்மை. எனினும் இவை ஒருவருக்கு மட்டும் பயன்படுத்தி எறியப்படும் ஊசிகள். இன்னும் ஒரு பயொப்சி தேவைப்பட்டால் தடித்த ஊசியைக் கேட்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 16 கேஜ் ஊசி குறைவாக வளையும், பெரிய துண்டும் தரும், ஆனால் ஈரலில் விடும் துளையும் பெரியது. ஈரலிலிருந்து இரத்தம் கசிவதே இந்தச் சோதனையில் மிகவும் அஞ்சப்படுவது. தந்தையாரின் இரத்த உறைவுப் பரிசோதனை முடிவுகளை வைத்து டொக்டரே தீர்மானிக்க வேண்டியது அது. நீங்கள் கேட்கக்கூடியது இரண்டு: வெளிக்குழாய் வைத்து எடுக்க முடியுமா என்பது ஒன்று, ஊசி பாய்ந்த பின் எடுத்த படத்தில் கட்டிக்குள் ஊசி தெரிகிறதா என்பது மற்றது. இரண்டாம் தடவை எடுத்த துண்டுக்கு அப்படியொரு படம் இருந்தால், நோயியல் அறிக்கை வந்ததும் இரண்டையும் சேர்த்தே அவரிடம் விளக்கம் கேளுங்கள்.